வேன் வரிசையில் பெயர் படித்தவர்

சுப்புலட்சுமி அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. அதைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தேன். மடியில் ஒரு தட்டு, தட்டில் கத்தரிக்கோல், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பனியனை மடித்துப் பெட்டியில் போடும்போது உள்ளே வைக்கிற வெள்ளை அட்டை ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, பிசிறு இருக்கிறதா என்று விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பெரிய எழுத்தில் ஒரு பெயரும் அதன்கீழ் ஒரு ஊரும் எழுதினார்.

"காகிதத்துல எழுதுனா ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"காகிதம் மைக்குக்கு முன்னால சரசரங்குமுங்கக்கா. அட்டை பேசாம இருக்கும்."

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தவர் என்று சொல்லி, பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரிலேயே ராயபுரத்துக்கு என்னை அனுப்பினார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என் நேரம். என்னை வேலைக்கு வைத்தது சுப்புலட்சுமியேதான். அவருக்காகப் பேச வேறு ஆள் இல்லை.

அறுபது வயது; என்னை மரியாதைக்கு அக்கா என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று எழுதுவதும், யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மைக்கில் கூப்பிடுவதும் அங்கே அவர் வேலை. நல்ல குரல். கனமான, அவசரப்படாத குரல். அதை வீட்டில் பயன்படுத்த ஆள் இல்லை. நான் காலையில் கதவைத் தட்டும்போது, "வாங்கக்கா" என்று வருகிற முதல் சொல் கரகரப்பாக இருக்கும். ஒரு இரவு முழுக்கப் பேசாதவருக்கு அப்படித்தான் தொண்டை கட்டும். முந்தின நாள் ஆறு மணிக்கு நான் கிளம்பியதோடு அவர் பேச்சும் முடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். சில நாள் சுடுதண்ணீர் கொடுத்த பிறகுதான் குரல் ஒழுங்காகும்.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் குழு சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். கட்டிங் பார்க்கிறவர், ஓவர்லாக் தைக்கிறவர், பீஸ் அடுக்குகிறவர் எல்லாரும் அதில் உண்டு. ஊர்க் கோயில் நோம்பிக்குப் போடுவார்கள், கம்பெனி ஆண்டு விழாவுக்குப் போடுவார்கள். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு நாடக மன்றம் இருக்கிறது. அதன் தலைவர் அய்யாசாமி, சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவர். செயலாளர் சுப்புலட்சுமி. வருடத்துக்கு ஒரு தடவை மண்டபம் பிடித்து விருது விழா நடத்துவார்கள். பத்தொன்பது வருடமாக மைக் முன்னால் நின்று விருதுகளை அறிவித்தது சுப்புலட்சுமிதான்.

விழா எப்போதும் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சம்பள நாள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேன் ஓடாது. வேன் இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் இல்லை. தாராபுரம், பல்லடம், காங்கேயம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து பெண்கள் கம்பெனி வேனில்தான் வந்து போகிறார்கள். விழா அன்று வேன்கள் அவர்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே நின்று, தத்தம் நேரத்துக்குக் கிளம்பிவிடும். வேனில் வந்தவர்கள் வேனிலேயே திரும்ப வேண்டும் என்பது கம்பெனிகள் போட்ட நிபந்தனை.

ஆகவே அங்கே சின்ன விருதில் தொடங்கிப் பெரிய விருதில் முடிப்பது கிடையாது. எந்த வேன் முதலில் கிளம்புகிறதோ அந்த வேனில் போகிறவர்களுக்கு முதலில் விருது. சிறந்த நடிகர் தாராபுரத்துக்காரர் என்றால் ஏழு மணிக்கு முன்பே வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒன்பது மணிக்கு, உள்ளூர்க்காரர்கள் மட்டும் மிச்சமிருக்கும்போது, சிறந்த திரை இழுப்பவருக்குக் கொடுத்து முடிப்பார்கள். யாருக்கு விருது என்பது சுப்புலட்சுமிக்கும் நடுவர்களுக்கும் மட்டும்தான் முன்கூட்டியே தெரியும். அவர் வேன் நேரங்களைக் கேட்டு வாங்கி அட்டைகளை அடுக்குவார். மன்றத்தில் இதற்கு 'வேன் வரிசை' என்று பெயர்.

"விழாவுக்கு முப்பத்தெட்டு நாள் இருக்குதுங்கக்கா," என்றார் பேனாவை மூடிவிட்டு. "அன்னைக்கு நான் மூணு மணி நேரம் நிக்க முடியுமுங்களா?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். "இருபத்திமூணு நாள்ல கட்டுப் பிரிப்பாங்க. அப்புறம் பதினஞ்சு நாள் இருக்குது. நாஞ் சொல்றபடி செஞ்சா வாக்கரப் புடிச்சு நிக்கலாம். நடுநடுவுல உக்காரோணும்."

"உக்காந்துட்டுப் பேர் படிக்கப்படாதுங்க. வாங்க வர்றவங்க நின்னுட்டு இருப்பாங்கல்ல."

அன்றிலிருந்து கால் விரல்களை அசைக்கும் பயிற்சியை நான் சொல்வதற்கு முன்பே செய்ய ஆரம்பித்தார். நான் பத்து என்றால் இருபது. எதற்கென்று எனக்குத் தெரியும். அந்த மூன்று மணி நேரம் கிடைத்தால் அவருக்கு அந்த வருடம் ஓடும். எண்ணூறு பேர் அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒரு மாதம் வரைக்கும் கடைக்குப் போனால் யாராவது நிறுத்தி, "நல்லாப் படிச்சீங்கம்மணி" என்பார்கள். மற்ற பதினோரு மாதமும் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் சிலிண்டர் போடுகிறவரும் மீட்டர் பார்க்கிறவரும்தான்.

அடுத்த வாரம் அய்யாசாமி வந்தார். கூடவே மோகன்ராஜ் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறவர். வாழைப்பழமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டு வந்தார்கள். கட்டைப் பார்த்தார்கள், வலிக்கிறதா என்று கேட்டார்கள். நான் தேநீர் வைத்துக் கொடுத்தேன்.

"இந்த வருசம் விழாவ லைவ்வாப் போடறமுங்க மேடம்," என்றார் மோகன்ராஜ். "நம்ம சேனல்ல, யூடியூப்ல, ரெண்டுலயும். கம்பெனிக்காரங்க விளம்பரம் தர்றதுக்கு ரெடியா இருக்கறாங்க. ஒண்ணே ஒண்ணுதான், மேடையில தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்."

"எங்களுக்கு இந்தம்மணி மொகந்தானப்பா தெரியும்," என்று அய்யாசாமி சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியுமுங்கய்யா. டிவிக்குத் தெரியோணுமே."

மூவரும் சிரித்தார்கள். சுப்புலட்சுமியும்தான் சிரித்தார்.

"அம்மணிக்கும் காலு இப்புடி ஆயிப்போச்சு," என்றார் அய்யாசாமி. "இந்த நெலமையில செரமப்படுத்தப்படாதில்லீங்களா?"

முறிந்த காலை நல்ல சாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். நிற்க முடியும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சுப்புலட்சுமி என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை லேசாக அசைத்தார். நான் கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மோகன்ராஜ் மூன்று பேர் பெயரைச் சொன்னார். நிதிஷ், சீரியலில் கதாநாயகனாக வருகிறவர். செல்வக்குமார், காமெடி நிகழ்ச்சியில் பேர் வாங்கியவர். கவிப்பிரியா, சென்னையில் டிவி நிகழ்ச்சி நடத்துகிற பெண். மூவரும் தேதி தரத் தயார்.

"யாருன்னு நீங்களே சொல்லீருங்க," என்றார் அய்யாசாமி. "மைக்கப் பத்தி எங்களவிட உங்களுக்குத்தான் தெரியும். நீங்க கை காட்டற ஆளு. வெள்ளிக்கெழமைக்குள்ள சொன்னாப் போதும்."

அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. மரியாதை செய்கிறோம் என்றே நினைத்தார்கள்.

மறுநாளே சுப்புலட்சுமி ஃபோன் செய்ய ஆரம்பித்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நிதிஷின் மேனேஜர், "சார் இருபது நிமிஷம் நிப்பாரு, ஒரு டான்ஸ் உண்டு, மத்ததையெல்லாம் உங்க ஆளுங்களே பாத்துக்கலாம்," என்றார். சுப்புலட்சுமி நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

செல்வக்குமார் அவரே பேசினார். கலகலப்பான மனிதர். வேன் வரிசையை விளக்கினார் சுப்புலட்சுமி.

"அப்படின்னா டிரைவருக்கும் ஒரு விருது குடுத்துருவோம்மா," என்றார் செல்வக்குமார்.

"அது அடுத்த வருசம் பாக்கலாமுங்க. இந்த வரிசையில படிப்பீங்களா?"

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பெரிய விருத ஏழு மணிக்கே குடுத்துட்டா அப்புறம் டிவிய எவன் பாப்பான்? கடைசியிலதான் குடுக்கணும். அதுவரைக்கும் நான் சிரிக்க வெச்சுக்கிட்டே இருப்பேன். பனியன வெச்சு மட்டும் என்கிட்ட நூறு ஜோக் இருக்கு. மேடைக்கு வர்றவங்களைக் கொஞ்சம் ஓட்டுவேன், கோவிச்சுக்க மாட்டாங்கள்ல?"

"சரிங்க. யோசிச்சுச் சொல்றனுங்க."

சாயங்காலம் அய்யாசாமியே கூப்பிட்டார். அவருக்குச் செல்வக்குமார்மேல் ஆசை. "கூட்டம் சிரிக்குமுங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாஞ் சொல்றதக் கேளுங்கம்மணி. அவன் ஒரு வருசம் பண்ணட்டும். கிண்டலடிச்சா நம்ம சனத்துக்குப் புடிக்காது. பொம்பளைக பாதியில வேன் ஏறிப் போயிருவாங்க. அடுத்த வருசம் மைக்கு தானா உங்ககிட்டயே வந்துருமுங்க."

தலைவர் பேச வேண்டிய பேச்சில்லை. ஆனால் அவர் சொன்னது நடக்கக்கூடியது. சுப்புலட்சுமிக்கும் அது தெரிந்தது.

கவிப்பிரியாவின் ஆபீசில் செய்தி சொல்லி வைத்திருந்தோம். வியாழக்கிழமை மதியம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"அக்கா, வரிசை உங்க இஷ்டம். எனக்கு ஒரு சந்தேகம். வேன் கிளம்புற நேரத்தை நான் மேடையில சொல்லலாமா? 'பல்லடம் வேன் ஏழரைக்கு, இன்னும் ரெண்டு விருதுதான்'னு சொன்னா டிவி பாக்கறவங்களுக்கும் ஒரு பதட்டம் இருக்கும்ல?"

சுப்புலட்சுமி பல்லடம் அட்டைகளைத் தனியே எடுத்து எண்ணிப் பார்த்தார். அது அவருக்குத் தோன்றாத யோசனை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேன் கண்ணு. சொல்லலாம்."

"பேரோட அவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னும் படிக்கட்டுமா? 'செக்கிங் பாக்கிற இன்னார்'னு. வெறும் பேரா கூப்பிட்டா நல்லாருக்காது."

"அப்படித்தான் படிக்கறது வழக்கம்."

"அப்போ பேரெல்லாம் எனக்கு ஒரு தடவை சொல்லிக் குடுங்க. தப்பாக் கூப்பிட்டுறக் கூடாது."

சுப்புலட்சுமி அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ஒச்சாயி என்ற பெயர் வந்தபோது, செல்வக்குமாராக இருந்தால் நிச்சயம் ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பார். இவள், "மதுரைப் பக்கமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் ஒரே ஆளோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

ஃபோனை வைத்துவிட்டு, "நல்ல பொண்ணு," என்றார்.

நான் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இவ வந்துட்டா அடுத்த வருசமும் இவதானுங்கக்கா. அதுக்கடுத்த வருசமும்."

"அப்ப அந்தக் காமெடிக்காரனச் சொல்லுங்க. தலைவரே அதத்தான கேக்கறாரு."

"அவன் அந்தப் புள்ளைகள மேடையில நிக்க வெச்சு ஓட்டுவானுங்க. வருசம் பூரா குனிஞ்சு தெச்சுட்டு ஒரு நாளு மேல ஏறுதுக."

"இவளச் சொன்னா மைக்கு உங்களுக்கு இல்லீங்களே?"

"அதானுங்க."

ஆறு மணிக்கு நான் கிளம்பினேன். மறுநாள் காலை கதவைத் திறக்கச் சொன்ன குரல் வழக்கத்தைவிட அதிகம் கட்டியிருந்தது. நான் சுடுதண்ணீர் கொண்டு வருவதற்குள் அய்யாசாமிக்கு ஃபோன் போட்டு, கவிப்பிரியா என்று சொல்லிவிட்டார். ஒரு வார்த்தைதான்.

கட்டுப் பிரித்தோம். வாக்கர் வந்தது. நடக்க வைத்தேன், நிற்க வைத்தேன். ஐந்து நிமிடம் நின்றதும் உட்கார்ந்தார்.

"மூணு மணி நேரம் நிக்கோணும்னு சொன்னீங்களே," என்றேன்.

"யாருங்க கேட்டா இப்ப?"

"காலு கேக்குது. எந்திரிங்க."

எழுந்தார். ஆனால் நான் பத்து என்றால் பத்துதான், இருபது இல்லை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வேன் டிரைவர்களுக்கு ஃபோன் செய்தார். எல்லாரும் நேரம் சொன்னார்கள். காங்கேயம் வேன் டிரைவரின் நம்பர் மட்டும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அந்த வேனில்தான் ஒச்சாயி போவாள், சிறந்த நடிகை.

"அந்தக் கம்பெனிக்கே போட்டுக் கேளுங்க," என்றேன்.

"தேவையில்லீங்க. பதினோரு வருசமா அந்த வேன் எட்டு மணிதான். எனக்குத் தெரியாத வேனா?"

டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஒச்சாயியின் அட்டையில் 'எட்டு மணி' என்று எழுதி, அதற்கான இடத்தில் செருகினார். அட்டைக் கட்டை மோகன்ராஜின் ஆபீசிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அழைப்பிதழ் வந்தது. முன்வரிசை விளம்பரம் கொடுத்தவர்களுக்கு. நடுவில் கேமரா ஓடுகிற தடம். வாக்கரோடு வருவதால் பின்னால் ஓரமாக நாற்காலி போடுகிறோம், சிரமம் இருக்காது என்று மோகன்ராஜ் ஃபோனில் சொன்னார். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சுப்புலட்சுமி சொல்லிவிட்டார். விழா அன்று என் நேரம் முடிந்தும் நான் கிளம்பவில்லை. இருங்கள் என்று அவர் கேட்கவில்லை. டிவியை எனக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தது. கவிப்பிரியா சாதாரணப் பருத்திப் புடவையில் வந்தாள். தாராபுரம் வேன்காரர்களை முதலில் அழைத்தாள். பெயர், வேலை, நடித்த பாத்திரம், எல்லாம் சரி. ஒவ்வொரு பெயருக்கும் சுப்புலட்சுமியின் உதடு அவளுக்கு ஒரு நொடி முன்னால் அசைந்தது. சத்தம் வரவில்லை. "தாராபுரம் வேன் கிளம்புது, டாட்டா சொல்லுங்க" என்று அவள் சொன்னபோது எண்ணூறு பேரும் கை ஆட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் யாரும் அப்படி ஆட்டியதில்லை என்று சுப்புலட்சுமி சொன்னார்.

ஏழு முப்பத்தெட்டுக்குச் சிறந்த நடிகை. "காங்கேயம் வேன், எட்டு மணி. கை மடிப்புத் தைக்கிற ஒச்சாயி, மாமியாராக நடித்தவர்" என்று அழைத்தாள். கைதட்டல். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தாள். கேமரா கூட்டத்தில் தேடியது. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "அந்த வேன் ஏழேகாலுக்கே போயிருச்சுங்க. இப்ப அது காங்கேயந் தாண்டி வெள்ளக்கோயில் வரைக்கும் போகுது," என்றது.

சுப்புலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டு மணிதானுங்களே," என்றார் டிவியைப் பார்த்து.

மேடையில் அந்தப் பெண் ஒரு கணம்தான் நின்றாள். "வேன் நம்மள முந்திருச்சு. பரவால்ல, விருத நாம அனுப்புவோம். யார்கிட்டயாவது ஒச்சாயி நம்பர் இருக்கா?" என்றாள். ஒருவர் ஓடிவந்து கொடுத்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கின் அருகில் பிடித்தாள்.

"யாரு?" என்றது ஒச்சாயியின் குரல். வண்டிச் சத்தம் கேட்டது.

"நான் கவிப்பிரியா, மேடையில இருந்து பேசறேன். நீங்கதான் சிறந்த நடிகை."

"இந்தா, வெளையாடாத. நீ நம்ம செக்கிங் ஜோதிகாதான? எந்நேரமும் கிறுக்குப் பண்ணிக்கிட்டு."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஃபோன் வழியாகப் போய்ச் சேர்ந்ததும்தான் ஒச்சாயி நம்பினாள். வேனுக்குள் கூச்சல் கிளம்பியது.

"எங்க இருக்கீங்க இப்போ?"

"படியூர் தாண்டிட்டோம். டிரைவரண்ணே, சித்த ஓரங்கட்டுங்க. ஏய், பின்னாடி தூங்குறவளுகள எழுப்பி விடுங்கடி."

"ரெண்டு வார்த்தை பேசுங்க."

"என்னத்தப் பேச? எங்க மாமியா டிவி பாத்துக்கிட்டு இருக்கும். அத்தே, உங்களப் பாத்துத்தான் நடிச்சேன், கோவிச்சுக்கிறாதீக."

ஐந்து நிமிடத்துக்குக் கைதட்டல் ஓயவில்லை. அந்த விழாவில் அதுதான் சிறப்பான பகுதி. பார்த்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். சுப்புலட்சுமி வலது கையால் இடது கை விரல்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நான் நின்னிருந்தா," என்றார், "அடுத்த அட்டைக்குப் போயிருப்பனுங்க."

ஒன்பது மணிக்கு அய்யாசாமி நன்றி சொன்னார். சேனலுக்கு, விளம்பரம் தந்தவர்களுக்கு, மண்டபத்துக்கு, மைக் செட்டுக்கு. உடல்நலமில்லாததால் வர இயலாத செயலாளருக்கு. பிறகு, அடுத்த வருடமும் கவிப்பிரியாவே வந்து நடத்தித் தர வேண்டும் என்று மன்றத்தின் சார்பில் கேட்டுக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தப் பெண் கும்பிட்டு, வருகிறேன் என்றாள்.

சுப்புலட்சுமி டிவியை அணைத்தார். ஃபோனைக் கட்டில்மேல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் இட்லியைச் சூடு செய்து கொடுத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அது ஒலிக்கவில்லை. மோகன்ராஜிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. வேன் விஷயம் பெரிய ஹிட், இப்போதே எல்லாரும் பகிர்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

சுப்புலட்சுமி அய்யாசாமியைக் கூப்பிட்டார்.

"ஒச்சாயியோட ஷீல்டு எங்கீங்க இருக்குது?"

"எங்கிட்டத்தானுங்க. திங்கக்கெழம கம்பெனிக்கு அனுப்பி வெச்சரலாம்."

"வேண்டாமுங்க. நான் காலையில வந்து வாங்கிக்கறேன். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். நேரந் தப்பா எழுதுனது நானு."

"தப்பா? அதாலதானுங்கம்மணி விழாவே எடுபட்டுச்சு."

"இருக்கட்டுமுங்க," என்று வைத்தார். என்னிடம், "காலையில கொஞ்சம் நேரமே வர முடியுங்களா?" என்றார்.

ஆறே முக்காலுக்குப் போனேன். குளித்து, புடவை கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசல் படி மூன்றையும் வாக்கரோடு இறங்கினார். நன்றாகவே இறங்கினார். ஆட்டோவில் அய்யாசாமி வீட்டுக்குப் போய் ஷீல்டை வாங்கிக்கொண்டு, நல்லூரில் ஒச்சாயி வேலை செய்கிற கம்பெனி வாசலில் நின்றோம். எட்டு இருபதுக்குக் காங்கேயம் வேன் வந்தது. பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கினார்கள். ஒச்சாயி நாற்பது வயதுக்காரி, மெலிந்தவள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"யக்கா, இந்தக் கால வச்சுக்கிட்டு எதுக்கு வந்தீக?"

"வேன் நேரத்த நாந்தான் கண்ணு தப்பா எழுதீட்டேன். மேடையில நீ வாங்கியிருக்கோணும்."

"அட போங்கக்கா. மேடையில வாங்குனா நான் மட்டும் வாங்கியிருப்பேன். நேத்து வேனு பூராம்ல வாங்குச்சு. எங்க வீட்டுக்காரரு எண்ணெய் மில்லுல எல்லாருக்கும் போட்டுக் காட்டிருக்காரு." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "மாமியா சோறு போட்டுச்சாடி?" என்றாள்.

சுப்புலட்சுமி ஷீல்டை நீட்டினார். ஒச்சாயி இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரைத் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"இத உள்ள கொண்டுபோக விட மாட்டாகக்கா. சோத்துப் பை மட்டுந்தான். வாட்ச்மேன்ட்ட குடுத்துட்டுப் போங்க. போகும்போது வாங்கிக்கிறேன். நேரமாச்சு."

கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வாசலில் நாங்கள் இருவரும் வாட்ச்மேனும்தான்.

அவர் வயதானவர், நல்லான் என்று சட்டையில் எழுதியிருந்தது. ஷீல்டை வாங்கி மேசைக்கடியில் வைத்தார். பெரிய நோட்டைத் திறந்தார்.

"குடுத்தது யாருன்னு போடறதுங்க?"

"சுப்புலட்சுமி."

"எந்தக் கம்பெனிங்க?"

வாக்கரில் கையை மாற்றிப் பிடித்தார். "கம்பெனி இல்லீங்க."

"அப்ப எங்கிருந்துன்னு போடட்டும்?"

"ராயபுரம்னு போடுங்க. போதும்."

அவர் எழுதினார். நேரம் என்ற இடத்தில் எட்டரை என்று போட்டார். சுப்புலட்சுமி வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு இருபத்தெட்டுங்க," என்றார்.

நல்லான் திரும்பிப் பார்த்துவிட்டு, அடித்து, மாற்றி எழுதினார்.